வெறும் தூக்குப்போசி

எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை காரணம் இல்லாமல் ரோட்டில் நடந்து போனால், அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். பஸ்ஸை விட்டிருப்பாள், வண்டி மக்கர் செய்திருக்கும், அல்லது வீட்டில் சண்டையாக இருக்கும். நடக்கப் பிடித்து நடக்கிறாள் என்று ஒரு காரணமும் இருக்கலாம் என்பது இங்கே யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கே அறுபதை நெருங்கிய பிறகுதான் தோன்றியது.

சூலூருக்குத் தெற்கே, மெயின்ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே தறி ஓட்டிக்கொண்டிருந்தோம். இப்போது தறிக் கொட்டகையை ஒரு குடோனுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. மாடுகளும் போயின. மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் மிச்சம் நானும், வீட்டுக்காரரும், டிவியும். இதில் யாருக்குத் தொண்டை பெரிது என்று பட்டிமன்றமே வைக்கலாம். ஓடுகிற தறிக்கு மேல் பேசிப் பேசியே பழகியவர் எங்கள் வீட்டுக்காரர். தறி நின்றுபோன பிறகும் குரலை இறக்கவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால் அடுத்த தோட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள்.

போன மார்கழியில் டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எட்டிப் பாக்குதுங்கம்மா. தினம் அரைமணி நேரம் நடங்க, சரியாப் போயிரும்" என்றார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "அதுக்கென்ன அம்மணி, நானும் உன்ற கூட வாரேன். ரெண்டு பேருமாப் போலாம்" என்றார். அவர் நல்ல மனிதர். சிக்கலே அதுதான்.

மறுநாளே கிளம்பினோம். அவர் நாலு எட்டு முன்னால் போவார், திரும்பி நின்று பேசுவார். தேங்காய் விலை, நூல் விலை, முந்தின நாள் டிவியில் யாரோ யாரையோ திட்டியது. ஒவ்வொரு தோட்டத்துக் கேட்டிலும் நிற்பார். உள்ளே ஆள் இல்லை என்றால் கூப்பிட்டு வரவழைத்துப் பேசுவார். கடைசியில் பேக்கரியில் போய் முடியும். எனக்குச் சர்க்கரை போடாத டீ, அவருக்கு டீயோடு இரண்டு தேங்காய் பன். நடக்கப் போனோம் என்பதைவிட நிற்கப் போனோம் என்பதுதான் சரி. வீட்டுக்கு வந்தால் கால் வலித்தது, காதும் வலித்தது.

எனக்குத் தனியாக நடக்க வேண்டும் என்று ஆசை வந்தது அப்போதுதான். அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. பிறந்த வீட்டில் ஒரே கூட்டம். கட்டிக்கொண்டு வந்த வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தனார்கள், தறிக்கு வருகிற ஆட்கள், விருந்தாடி வருகிற ஒறம்பரை என்று அதைவிடக் கூட்டம். இந்த வயது வரையில் நான் தனியாக இருந்த இடம் குளியலறை ஒன்றுதான். அங்கேயும் யாராவது கதவைத் தட்டி, பீரோ சாவி எங்கே என்று கேட்பார்கள். ஒரு நாளில் அரைமணி நேரம் எனக்கு வேண்டும், அதில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

தை பிறந்ததும் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாவம் என்று தைலம் தேய்த்துவிட்டேன். உள்ளுக்குள் மாகாளியம்மனுக்கு ஒரு கும்பிடும் போட்டேன். மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டேன்.

ரோட்டில் கால் வைத்துக் கொஞ்ச தூரம் போகவில்லை, ஒரு மொபெட் நின்றது. அதை அனுப்பினால் ஒரு மினிலாரி. அதையும் அனுப்பினால் ஒரு கார். காரில் இருந்தவர் சொந்தத்தில் எனக்குத் தம்பி முறை.

"ஏனுங்க்கா, நடந்து போறீங்க? ஏறுங்க, உட்டுட்டுப் போறேன்."

"இல்லீங் தம்பி. சும்மா நடக்கறேன்."

"சும்மாவுங்களா? எங்க போகோணும்?"

"எங்கயும் போகலீங்."

"பொறவு எதுக்குங்க நடக்கறீங்க?"

டாக்டர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன வியாதி, எந்த டாக்டர், அவரைவிட நல்ல டாக்டர் கோயமுத்தூரில் இருக்கிறாரே என்று பேச்சு பொழுது சாயும் வரை போகும். அதனால் சிரித்து வைத்தேன். அவர் என்னை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல், மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி, காரை என் பக்கத்திலேயே மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் மரியாதை அப்படிப்பட்டது. நடந்து போகிறவரைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாமல் போவது மரியாதை இல்லை. நின்ற வண்டியில் ஏறாமல் இருப்பதும் மரியாதை இல்லை.

நான் வீடு திரும்புவதற்குள் வீட்டுக்காரருக்கு எத்தனையோ போன் வந்துவிட்டது. "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்று ஒருவர். "அக்கா மொகம் ஒரு மாதிரி இருந்துதுங்க" என்று ஒருவர். சாயங்காலம் கோயிலில் பார்த்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுல ஏதாச்சுஞ் சடவுங்களா?" என்று ரகசியமாகக் கேட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இருட்டுவதற்குள் பல்லடம் பக்கத்திலிருந்து என் அண்ணனே போன் செய்துவிட்டார்.

"ஏங்கண்ணு, நா வந்து கூட்டிட்டு வரட்டுமா?"

"எங்கீங்ண்ணா?"

"நம்மூட்டுக்குத்தான். நீ ஒண்ணும் வெசனப்படாதே. நாலு நாளைக்கு இங்க வந்து இரு."

நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு இன்னும் சந்தேகம் வந்துவிட்டது. போனை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, சண்டை எதுவும் இல்லை என்று மச்சானுக்குச் சத்தமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

இதற்கு வழி தானாகத்தான் கிடைத்தது. தூக்குப்போசி என்று நாங்கள் சொல்வது, மூடியும் வளையப் பிடியும் வைத்த எவர்சில்வர் பாத்திரம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோர் வந்த தூக்குப்போசி ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அதே ரோடு, அதே வண்டிகள். ஒருவரும் நிற்கவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, "பாலுக்குங்களா?" என்றார்கள். "ஆமாங்க" என்றேன். போய்விட்டார்கள். கையில் போசி இருக்கிற பொம்பளைக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுக்கு அப்போது பாக்கெட் பால்தான். ஆனாலும் மறுநாளிலிருந்து நான் பாலுக்குப் போனேன். எங்கள் வீட்டுத் தூக்குப்போசியைக் கையில் எடுத்துக்கொள்வேன். வெறும் போசி நடக்க நடக்கக் கடகடவென்று சத்தம் போடும். அதற்காக உள்ளே ஒரு துண்டுத் துணியைச் சுருட்டி வைத்தேன். அப்புறம், இடம்தான் இருக்கிறதே என்று ஒரு கை வறுத்த கடலையும் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு இடுப்பு சரியான பிறகும், "இடுப்பை அலட்டிக்காதீங்க" என்று சொல்லியே அவரை வீட்டில் உட்கார வைத்தேன்.

தார்ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இடது கைப்பக்கம் ஒரு இட்டேரி பிரியும். இட்டேரி என்றால் இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவில் போகிற மண்பாதை. ஒரு மாட்டுவண்டி போகலாம், எதிரில் ஒன்று வந்தால் பாடுதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, ஆள் உயரத்துக்கு. வேலி முழுக்கக் கோவைக்கொடி ஏறிக் கிடக்கும். அதற்குள் நுழைந்துவிட்டால் அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம் மெல்ல மெல்லக் கேட்காமல் போகும். கொஞ்ச தூரத்துக்கு என் செருப்புச் சத்தம் மட்டும்தான். அந்த இடம் வந்தால் எனக்குத் தோளே இறங்கும்.

பெரிய யோசனை எதுவும் வராது. சிலர் நடந்தால் ஞானம் வருகிறது என்கிறார்கள், எனக்குக் கடலைதான் தீரும். மயில்கள் வேலிக்கு அந்தப் பக்கம் விதைச்சோளத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். தோட்டத்துக்காரருக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும், விதைத்தது நான் இல்லை என்பதால் எனக்கு அழகாகத் தெரியும். வானத்தில் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடிக்கும். தெற்கே காற்றாலைகள், காற்று இல்லாத தையில் பாதி நின்றிருக்கும். ஒரு வேப்பமரத்தடியில் பழைய எல்லைக்கல். அதில் உட்கார்ந்து போசியைத் திறந்து கடலையைத் தின்பேன். யாரும் கேட்காமலே நான் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்திருக்கிறேன். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இப்படி மாசி வரை ஓடியது. இட்டேரி முடிகிற இடத்தில் ஒரு சாளை, தோட்டத்துக்குள்ளேயே கட்டின சின்ன வீடு. அங்கே இரண்டு கறவை வைத்திருக்கும் ஒரு பெண், என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவள், என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் நான் திரும்பும்போது வேலிப்படலைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க்கா, நானும் பாத்துட்டே இருக்கறேன். தினமும் போசியோட வாரீங்க, படலு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயர்றீங்க. பாலு வேணும்னா வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்னங்க? நம்மளுக்குள்ள கூச்சம் என்னங்க?"

அவள் என் கையிலிருந்து போசியை வாங்கப் போனாள். உள்ளே துணியும் கடலையும் இருக்கிறதே. "இருங்க, இருங்க" என்று திரும்பி நின்று, எல்லாவற்றையும் மடியில் கொட்டிக்கொண்டு வெறும் போசியை நீட்டினேன். நுரையோடு பாலை ஊற்றிக் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் பக்கத்தில் நிறைந்து வந்த போசி வெறுமனே திரும்பிப் போகக் கூடாது. மறுநாள் அதில் கறிவேப்பிலையும் நாலு எலுமிச்சங்காயும் போட்டு எடுத்துப் போனேன். அவள் பால் ஊற்றினாள். அப்படியே வாடிக்கையாகிவிட்டது. அதில் ஒன்றும் எனக்கு நட்டமில்லை. அவள் காலையில் வேலையாக இருப்பாள், ஊற்றிக் கொடுத்துவிட்டு மாட்டிடம் போய்விடுவாள். போவதும் வருவதும் முன்போலவே என்னுடையதுதான். கடலையை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் அந்தப் பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி, "இதில்ல பாலு!" என்றார். பாக்கெட் பாலை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். ஒரு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை நான் எழுந்து வந்து பார்த்தால், மாட்டி வைத்த இடத்தில் போசி இல்லை. பைக்கும் இல்லை. பல் விளக்கி முடிப்பதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். ஹேண்டில்பாரில் போசி தொங்கியது.

"உனக்கெதுக்கு அம்மணி செரமம்? பாலுக்குன்னு இத்தன தூரம் நடந்துட்டு. இனி நானே வண்டில போயிட்டு வந்தர்றேன்."

முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷம். நான் போசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பால் இன்னும் சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. பாலுக்காக அழுகிற வயதா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாளும் அவரே போனார். அதற்கு அடுத்த நாளும். போசி இல்லாமல் ரோட்டில் இறங்கினால் பழைய கதைதான், அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். டாக்டர் சொன்ன நடையை மொட்டைமாடியில் முடித்துக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்காரர். மாடியில் நடந்தேன். கீழேயிருந்து, "எத்தன சுத்து ஆச்சு?" என்று கேட்பார். பாத்திரங்களை நங்கென்று வைக்க ஆரம்பித்தேன். தேங்காயை ஒரே அடியில் உடைத்தேன். மூன்றாவது முறை தோசைக்கரண்டியைப் போட்டபோது அவர் டிவியிலிருந்து திரும்பினார்.

"என்னாச்சு அம்மணி? மேலுக்குச் சொகமில்லயா?"

"எனக்குத் தனியா நடக்கோணுமுங்க."

"தனியான்னா?"

"யாருமில்லாம."

"நானுமில்லாமயா?"

நான் குனிந்து தோசைக்கரண்டியை எடுத்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"நா என்ன பண்ணுனேன்?" அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணுலீங்க. நீங்க நல்லவருதான். எனக்கு அந்த அரைமணி நேரம் வேணுமுங்க. அவ்வளவுதான்."

அவர் எழுந்து டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு முழுவதும் வீடு அமைதியாக இருந்தது. நான் கேட்டதுதான் அது, ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் போசி கழுவி, வாசப்படிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. பைக் சாவி ஆணியில் தொங்கியது. அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பினேன். அன்றைக்கு இட்டேரி இனிக்கவில்லை. பாதி வழி வரையில் அந்தப் பேப்பரும் அதற்குப் பின்னால் இருந்த முகமும்தான். எல்லைக்கல்லில் உட்காராமல் பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் நாலைந்து நாளில் மனசு தெளிந்தது. அவரும் பழையபடி பேச ஆரம்பித்தார், குரல் மட்டும் ஒரு படி இறங்கியிருந்தது. தினமும் காலையில் தோட்டத்துப் பக்கம் போய், குத்தகைக்காரர் தண்ணி ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். போய்வாருங்கள் என்றேன். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த மண்வெட்டியைத் துடைத்துத் தோளில் வைத்துக்கொண்டு, நான் திரும்பி வந்த பிறகு கிளம்புவார். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

பங்குனியில் ஒருநாள் சாளைக்காரியின் மாடு ஒன்று கன்று போட்டிருந்தது. கன்றைப் பார்த்து, அவள் கொடுத்த சீம்பாலையும் வாங்கிக்கொண்டு வர நேரமாகிவிட்டது. வெயில் ஏறியிருந்தது. இட்டேரியில் பாதி தூரம் வந்திருப்பேன். வேப்பமரத்தடியில், என் எல்லைக்கல்லில், ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மண்வெட்டி சாத்தியிருந்தது. மயில் ஒன்று வேலி மேல் நின்றிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ மென்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரர்.

எங்கள் தோட்டம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். இட்டேரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குத்தகைக்காரர் சொட்டுநீர் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அங்கே மண்வெட்டியால் மடை திருப்பித் தண்ணீர் கட்டுகிற வேலையே கிடையாது. நான் நின்றுகொண்டே அவரைப் பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து வந்த ஒரு மொபெட் என்னைத் தாண்டி, அவரையும் தாண்டியது. "தண்ணி கட்டவுங்களா?" என்றார் மொபெட்டில் போனவர். "ஆமாங்க" என்றார் இவர், மயிலை விட்டுக் கண்ணை எடுக்காமல். மொபெட் போய்விட்டது.

மொபெட் சத்தத்தில் மயில் பறந்தது. அவர் திரும்பினார், என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து மண்வெட்டியைத் தோளில் வைத்தார். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் நாங்கள். சேர்ந்து போலாம் வா அம்மணி என்று சொல்லிவிட்டால் போச்சு. மறுக்க எனக்கு இன்னொரு தரம் தெம்பு கிடையாது. நாளையிலிருந்து அவர் நாலு எட்டு முன்னால் போவார், நான் பின்னால் போவேன், தேங்காய் விலை கேட்டுக்கொண்டு.

அவர் என்னை நோக்கி நடந்து வந்தார். பக்கத்தில் வந்ததும், கிளுவை முதுகில் குத்துகிற அளவுக்கு வேலியோடு ஒட்டி நின்று எனக்கு வழி விட்டார். மண்வெட்டியை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம், ரோட்டில் யாரோ ஒரு அந்நியப் பொம்பளையைக் கேட்கிற மரியாதையோடு கேட்டார்.

"ஏனுங்க, பாலுக்குங்களா?"

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமாங்க" என்றேன். "தண்ணி கட்டவுங்களா?"

"ஆமாங்க."

அவர் அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம் வந்தேன். கல்லின் மேல் கொஞ்சம் கடலைத் தோல் கிடந்தது. வீட்டில் நான் கடலை போட்டு வைக்கிற டப்பாவிலிருந்துதான் எடுத்திருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் வந்தார். குழாயடிக்குப் போய், மண்ணே படாத அந்த மண்வெட்டியை நிதானமாகக் கழுவித் துடைத்து, மறுநாளைக்கு எடுக்க வசதியாகக் கவிழ்த்து வைத்த என் போசிக்குப் பக்கத்தில் சாத்தினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்காத மாதிரி சீம்பாலை அடுப்பில் ஏற்றினேன்.